மாயக்காள் அனுப்பிய மாற்றாட்கள்

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மறுவாரமே ‘விளக்கம் தருக’ என்று ஒரு தாள் வரும். முப்பத்தொரு வருடத்தில் அப்படி வந்த தாள்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். போடியிலிருந்து முந்தல் போகிற சாலையில், கரட்டை ஒட்டி இருக்கிற ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதன் தலைமை ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பெரிய டீச்சர். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கூத்தில் என் கோபத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் கதை என்னுடையதல்ல. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மாயக்காளுடையது.

மாயக்காளுக்கு முப்பத்தாறு வயது. ஏலக்காய் எடுக்கப் போகிறவள். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தெருமுனையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப்பு வந்து நிற்கும். பதினான்கு பெண்கள் அதில் அடைந்துகொண்டு, போடிமெட்டு வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்குவார்கள். தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, செடியின் தூரில் குத்தவைத்து, தரையோடு படர்ந்து கிடக்கிற சரத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் கங்காணி கத்துவார். காலில் அட்டை, முதுகில் மழை. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பும்போது விரலெல்லாம் கறை பிடித்துக் கறுத்திருக்கும். அந்த விரலோடுதான் அவள் வந்து பள்ளியின் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாள். அதுவரை நான் வீட்டுக்குக் கிளம்பாமல் எரிச்சலோடு உட்கார்ந்திருப்பேன்.

குழுவுக்கு ஒரு பிள்ளையின் தாய் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டம் போட்டபோது மாயக்காள் பெயரை மெல்ல எடுத்துவிட்டது நான்தான். காரணம் ஒன்றே ஒன்று. பகல் முழுக்க மலையில் இருப்பாள், நமக்குத் தொந்தரவு இருக்காது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட வந்தவள், பேனாவைத் தொடாமல் நின்றாள்.

“இதுல என்ன எழுதியிருக்கு டீச்சர்?”

“குடிதண்ணிக் குழாயச் சரி பண்ணணும்னு எழுதியிருக்கு.”

“பண்ணியாச்சா?”

“இல்லத்தா. இனிமேத்தான்.”

“அப்ப தண்ணி வரட்டும், கையெழுத்துப் போடுறேன்.”

கையெழுத்து முதலில், தண்ணீர் பிறகு என்று அவளுக்குப் புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. போட்டுவிட்டுப் போனாள். ஆனால் மறுநாளிலிருந்து தினமும் ஜீப்பை விட்டு இறங்கியதும் நேராகப் பள்ளிக்கு வந்து குழாயைத் திருகிப் பார்ப்பாள். வராவிட்டால் என் அறை வாசலில் வந்து ஒரு நிமிடம் நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் அப்படி வந்து நிற்பதைத் தாங்க முடியாமலே நான் ஒன்றிய அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். பத்தொன்பதாம் நாள் தண்ணீர் வந்தது.

அவளும் இதே பள்ளியில் படித்தவள்தான். அப்போது இது ஒற்றை ஆசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம், ஒரே வாத்தியார். நல்ல மனுஷர்தானாம். ஆனால் வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, கூட்டம் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இருக்கிற நாளிலும் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு ஒன்றாம் வகுப்புப் பக்கம் திரும்புவதற்குள் மணி அடித்துவிடும்.

“அஞ்சு வருசம் ஒழுங்கா வந்தேன் டீச்சர். அஞ்சாப்பு முடிக்கிறப்ப எம் பேர மட்டும் எழுதத் தெரியும்” என்று ஒரு நாள் சொன்னாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவள் மகள் பவதாரணி போன வருடம் எங்களிடம் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு பாதி வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டவே வராது. அப்போதுதான் பொற்கொடி டீச்சர் மாறுதலில் வந்தாள். ஒன்று முதல் மூன்று வரை அவளிடம், நான்கும் ஐந்தும் மகாராஜன் சாரிடம், அலுவலகமும் பதிவேடுகளும் செயலிகளும் என்னிடம். பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் படிப்பின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்த காலம் அது. ஜூன் வந்தால் ஒரு புதுத் திட்டம், ஒரு புதுப் பயிற்சி, ஒரு புதுச் செயலி. இதுவும் அப்படித்தான் என்று நான் முணுமுணுத்தேன். பொற்கொடி அதை எடுத்துச் செய்து காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன். பவதாரணியை அரும்புக் கூட்டத்தில் உட்கார வைத்து, தீப்பெட்டி அட்டையில் எழுத்து எழுதிக் கொடுத்து, ஏழு மாதம் விடாமல் பிடித்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் மாயக்காள் கையெழுத்துப் போட வந்தபோது, பவதாரணி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, தீர்மானத்தை விரல் வைத்து முழுசாக வாசித்துக் காட்டினாள். இடையில் இரண்டு இடத்தில் திக்கினாள், அவ்வளவுதான். மாயக்காள் கேட்டு முடித்து, வழக்கத்தை விட மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

போன வருடம் ஜூலையில்தான் வினை வந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எத்தனை பிள்ளைகளோ, அதற்குத் தகுந்தபடிதான் அந்த வருடம் பள்ளிக்கு ஆசிரியர்கள். அறுபத்தொரு பிள்ளை இருந்தால் மூன்று பேர். அறுபது என்றால் இரண்டு பேர். எங்கள் பதிவேட்டில் சரியாக அறுபத்தொன்று. ஒன்று குறைந்தால் கடைசியாக வந்த பொற்கொடியை வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள்.

பதிவேட்டில் அறுபத்தொன்று, வகுப்பில் ஐம்பத்திரண்டுதான். ஒன்பது பிள்ளைகளை ஜூலை பாதியிலிருந்தே காணோம். வருகைச் செயலியில் சிவப்புச் சிவப்பாகக் காட்டியது. மகாராஜன் சாரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் பத்தரை மணிக்குப் போய், ஒன்பது வீட்டுப் பூட்டையும் பார்த்துவிட்டு வந்தார். ஆகஸ்ட் ஒன்று என்று தேதி வைத்தவர்களுக்கு அதுதான் காய் எடுப்பு மும்முரமாக நடக்கிற நேரம் என்று யார் சொல்வது?

மாயக்காளைக் கூப்பிட்டனுப்பினேன். அவள் நனைந்த சேலையோடு வந்து நின்றாள்.

“ஒன்பது பிள்ளைக வர்றதில்ல. உனக்குத் தெரியுமா?”

“தெரியும் டீச்சர். ஆத்தாகாரிக கூடவே காய்க்குக் கூட்டிட்டுப் போறாளுக. அஞ்சு மணிக்கு ஜீப்பு ஏறிட்டா வீட்டுல ஆரு இருக்கா? போன வருசம் ஒரு பிள்ள தனியா இருந்து அடுப்புல கையச் சுட்டுக்கிருச்சு. அதுலருந்து எல்லாத்துக்கும் பயம்.”

காலைச் சாப்பாடு பள்ளியிலேயே உண்டு. ஆனால் அது எட்டு மணிக்கு மேல்தான். ஐந்திலிருந்து எட்டு வரை அந்தப் பிள்ளைகள் எங்கே இருப்பது என்பதற்கு எந்தத் திட்டத்திலும் ஒரு வரி கிடையாது. இதையெல்லாம் நான் நிதானமாக உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

“நீ தலைவின்னு பேரு. ஒண்ணாந்தேதி ஆபீசர் வந்து தலைய எண்ணுவாரு. அறுபத்தோரு தலை இருக்கணும். இல்லேன்னா பொற்கொடி டீச்சரு போயிருவா. பழையபடி ஒங் காலத்துப் பள்ளிக்கூடந்தான். எப்படியாவது அறுபத்தோரு தலை இருக்கணும், தெரிஞ்சுதா?”

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பவதாரணியை நினைத்திருப்பாள்.

“அறுபத்தோரு தல. அம்புட்டுத்தானே? நான் பாத்துக்கிறேன் டீச்சர்” என்றாள்.

பாவி, அப்போதாவது எப்படி என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. வட்டாரக் கல்வி அலுவலர் அழகுராஜா ஒன்பது மணிக்கே பைக்கில் வந்துவிட்டார். கறாரானவர், ஆனால் குரலை உயர்த்த மாட்டார். நான் அறையில் பதிவேடுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். பொற்கொடி ஓடி வந்து என் காதருகே சொன்னாள்.

“டீச்சர், வகுப்புல அறுபத்தோரு பிள்ளைக இருக்கு.”

“நல்லதாப் போச்சு.”

“அதுல ஒம்பது பிள்ளைக நம்ம பிள்ளைக இல்ல டீச்சர்.”

நான் எழுந்து போவதற்குள் அவர் நான்காம் வகுப்பில் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். வாசலில் மாயக்காள் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, நிம்மதியாக நின்றுகொண்டிருந்தாள்.

“அருண்பாண்டி” என்றார் அலுவலர்.

முதல் வரிசையிலிருந்து “இருக்கேன்” என்று ஒரு குரல் வந்தது. எங்கள் பிள்ளைகள் ‘உள்ளேன் ஐயா’ என்றுதான் சொல்வார்கள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், முன்பல் விழுந்த வாய், முட்டி உயரம். ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றது.

அழகுராஜா செயலியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

“நீதான் அருண்பாண்டியா?”

அது தலையாட்டியது.

“என்ன வகுப்பு?”

“நாலாப்பு.”

“நெசப் பேரு என்ன பாப்பா?”

பிள்ளை வாசல் பக்கம் திரும்பி, “சொல்லலாமா அத்தை?” என்று மாயக்காளைக் கேட்டது.

முப்பத்தொரு வருடத்தில் வராத பிள்ளைக்கு வந்ததாக ஒரு புள்ளி வைத்தவள் அல்ல நான். இப்போது ஒன்பது பொய்ப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிறேன். மாயக்காளைப் பார்த்துக் கத்தினேன்.

“கையெழுத்துப் போடுறதத் தவிர வேற எதையாச்சும் உன்னை யாரு செய்யச் சொன்னது?”

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. “நீங்கதான டீச்சர், எப்படியாச்சும் அறுபத்தோரு தல வேணும்னீங்க. அதான் மாத்தாளு வச்சேன்.”

“என்னம்மா அது மாத்தாளு?” என்று அலுவலர் கேட்டார்.

மாயக்காள் அவருக்குப் பொறுமையாகச் சொன்னாள். ஜீப்பில் பதினாலு பேர். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இடத்தைக் காலியாக விடக் கூடாது. விட்டால் கங்காணி அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார், எடுப்பு முடிகிற வரைக்கும் திரும்பக் கிடைக்காது. அதனால் நாத்தனாரையோ ஓரகத்தியையோ தன் பெயருக்கு அனுப்பி வைப்பாள். கங்காணி அவள் பெயரைக் கூப்பிட்டால் மாத்தாள் ‘இருக்கேன்’ என்பாள். இது கங்காணிக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆள் எண்ணிக்கை குறையாமல் இருந்தால் போதும். இதில் களவு ஏதும் இல்லை. ஒருத்திக்கு ஒருத்தி செய்கிற உதவி.

“பிள்ளைக மலை மேல இருக்குக. அதுக இடம் போயிரக் கூடாதுல்ல சார். அதான் பக்கத்துத் தெருவுல வேன்ல போயி படிக்கிற பிள்ளைகள இன்னைக்கு ஒரு நாளைக்கிக் கேட்டு வாங்கியாந்தேன். ஒண்ணு கொறஞ்சுச்சு, இந்தக் குட்டியையும் கூட்டியாந்தேன்.”

“இது தப்பும்மா. நான் எழுதுனா பெரிய டீச்சரோட வேலைக்கே வந்துரும்.”

மாயக்காள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. பிறகு அவரிடம் மெதுவாகத்தான் சொன்னாள். “தப்புன்னு எனக்குத் தெரியாது சார். தலைய எண்ண வர்றீங்கன்னாக. தலையக் கொண்டாந்து நிறுத்துனேன். பிள்ள படிக்குதான்னு பாக்க வர்றீங்கன்னு சொல்லியிருந்தா மேல போயி பிள்ளையவே கூட்டியாந்திருப்பேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரியும், ‘தலை’ என்று சொன்னது நான்தான்.

அழகுராஜா கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். “இன்னும் நாலு பள்ளி பாக்கி இருக்கு மேடம். அஞ்சு மணிக்குள்ள கணக்கச் செயலியில ஏத்தணும். அதுக்கு முன்னால திரும்ப வருவேன். வர்றப்ப உங்க பதிவேட்டுல இருக்கிற பிள்ளைக யாரு இருக்காங்களோ, அவங்களத்தான் எண்ணுவேன்” என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார்.

மாயக்காளை வாசலில் காணோம். தோட்டங்களுக்கு அரிசி லோடு ஏற்றிக்கொண்டு போகிற கோட்டைச்சாமியின் ஜீப்பை மறித்து அவள் ஏறியிருந்தாள். மலையில் நடந்ததைப் பிறகு கோட்டைச்சாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்று தோட்டம் ஏறி இறங்கியிருக்கிறாள். பிள்ளைகள் சாக்கை விரித்து மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அருண்பாண்டியின் அம்மா, “இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானக்கா, கூட்டிட்டுப் போ. நாளைக்கி எங்கூட மேல வந்துரட்டும்” என்றாளாம்.

“ஒரு நாளைக்கிக் கேக்க வரல நான்” என்றாளாம் மாயக்காள். “நாளப்பின்ன அஞ்சு மணிக்கு ஜீப்பு ஏறுறப்ப பிள்ளைய என் கையில விட்டுருங்க. பள்ளிக்கூடத்துலயே வச்சிருப்பேன். எட்டு மணிக்குச் சாப்பாடு வந்துரும். ஒரு பிள்ள மேல ஒரு தீப்பொறி படாது. சாவி எங்கிட்ட இருக்கும்.”

சாவி என்னிடம் இருந்தது. அவள் கேட்கவே இல்லை.

நான்கரை மணிக்குப் பள்ளியில் ஒரு பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பாமல் உட்கார வைத்திருந்தோம். பொற்கொடி வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அரும்புப் பிள்ளைகளுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய எழுத்து அட்டைகளையெல்லாம் ஒரு பையில் கட்டி, மேசை மேல் வைத்திருந்தாள். பவதாரணி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப்பு வந்து நின்றது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கினார்கள். கையெல்லாம் காய்க்கறை, காலெல்லாம் சேறு. நான் எண்ணினேன். எட்டு.

“கார்த்தீஸ்வரி எங்க?”

கார்த்தீஸ்வரி இரண்டாம் வகுப்பு. அவளுடைய அப்பாவுக்குப் பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்திலேயே வீடு கொடுத்து நிரந்தர வேலை போட்டிருக்கிறார்கள் என்றாள் மாயக்காள்.

“அவள அங்கேயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டாக டீச்சர். வேணும்னா இன்னைக்குக் கூட்டிட்டுப் போன்னு ஆத்தாகாரி சொன்னா. நானும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சன்னல் வழியாப் பாத்தேன். பெஞ்சுல உக்காந்து, நாக்கக் கடிச்சிக்கிட்டு எழுதிக்கிட்டிருந்தா. டீச்சரம்மா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தாக. கூப்பிட மனசு வரல டீச்சர். ஒரு தலைக்காக அவள அந்தப் பெஞ்சுலருந்து எழுப்புனா நான் என்னத்துக்குத் தலைவி?”

அறுபது. அந்த ஒன்று இல்லாவிட்டால் தன் மகளுக்கு என்ன நேரும் என்று அவளுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிசுபிசுவென்று இருந்தது.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது அழகுராஜா வந்தார். பெயர் கூப்பிட்டார். இந்தத் தடவை அருண்பாண்டியாக அருண்பாண்டியே எழுந்து நின்றான். கார்த்தீஸ்வரி என்று கூப்பிட்டபோது நான் உண்மையைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, “அறுபது” என்றார். பொற்கொடி சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

“அப்ப இது யாரு?”

அரும்புக் கூட்டத்தின் ஓரத்தில் இரட்டைச் சடைக்காரி உட்கார்ந்திருந்தாள். மற்ற எட்டு மாற்றாட்களும் காலையிலேயே வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் போக மாட்டேன் என்று சாதித்து, காலையில் கிச்சடி சாப்பிட்டு, மத்தியானம் முட்டை சாப்பிட்டு, பொற்கொடியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறாள். பலகையில் ‘ட’ என்று ஏழெட்டு எழுதி வைத்திருந்தாள். ஏலக்காய் தரம் பிரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற அவளுடைய அம்மா, பிள்ளையைக் கூட்டிப் போக வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“முத்துப்பிரியா சார். அங்கன்வாடிக்குப் போகுது. சின்னப் பிள்ள, அடுத்த வருசம் சேக்கலாம்னு இருக்கோம்” என்றாள்.

“என்னைக்குப் பொறந்துச்சு?”

“ஜூலை முப்பது. முந்தா நேத்துத்தான் அஞ்சு முடிஞ்சுச்சு.”

அழகுராஜா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஐந்து முடிந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். இந்த விதியைப் பதினைந்து வருடமாகப் பெற்றோருக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன், அந்த நிமிடம் எனக்கே மறந்து போயிருந்தது.

“நான் எதுவும் சொல்ல மாட்டேன் மேடம்” என்றார் அவர். “நீங்கதான் கேக்கணும், அவங்கதான் சம்மதிக்கணும்.”

நான் கேட்பதற்கு முன்னால் மாயக்காள் போய்விட்டாள். முத்துப்பிரியாவின் அம்மாவிடம் எண்ணிக்கையைப் பற்றியோ ஆசிரியர் கணக்கைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பவதாரணியைக் கூப்பிட்டு, சுவரில் ஒட்டியிருந்த ஒரு பாட்டைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். பவதாரணி ஒரு மூச்சில் வாசித்து முடித்தாள்.

“பாத்தியா? இது இந்த டீச்சரு சொல்லிக் குடுத்தது” என்றாள் மாயக்காள். “நம்ம ரெண்டு பேருக்கும் இப்பிடி ஒரு டீச்சரு இருந்திருந்தா எப்பிடி இருந்திருக்கும்?”

அந்தப் பெண் பலகையிலிருந்த ‘ட’க்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிறப்புச் சான்றிதழை எடுத்து வர வீட்டுக்கு ஓடினாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வெரசாக வந்துவிட்டாள். குழாய்க்குப் பக்கத்தில் நின்றால்தான் எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று, மகாராஜன் சார் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் ஏற்றினேன். ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது அறுபத்தொன்று என்று காட்டியது. பொற்கொடி பையை அவிழ்த்து, எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினாள். அடுக்கும்போது அழுதாள். நானும்தான்.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நானே சாவியோடு போனேன். முப்பத்தொரு வருடத்தில் அந்த நேரத்தில் பள்ளியை நான் பார்த்ததில்லை. மாயக்காள் எட்டுப் பிள்ளைகளோடு வாசலில் நின்றாள். உள்ளே பாயை விரித்ததும் அதுகள் விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தன. தெருமுனையில் ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது.

“உன் எடம் போயிருமே, மாயக்கா?”

“போகாது டீச்சர். மாத்தாளு அனுப்பியிருக்கேன்.”

எட்டிப் பார்த்தேன். பதின்மூன்று பெண்களுக்கு நடுவில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, ஜெயிலுக்குப் போகிறவன் மாதிரி அவள் புருஷன் மொக்கச்சாமி உட்கார்ந்திருந்தான். கங்காணி பட்டியலைப் பார்த்து “மாயக்காள்” என்று கூப்பிட்டார். “இருக்கேன்” என்றான் மொக்கச்சாமி, யார் காதிலும் விழாத குரலில். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. அன்று அவன் முக்கால் கூடைப் பிஞ்சைப் பறித்துக் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானாம். ஆனாலும் மறுநாளும் போனான். அவன் போனால்தான் பவதாரணியின் அம்மா பள்ளிக்கூடத்தில் இருக்க முடியும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

ஒன்பதரைக்கு வருகைப் பதிவு. நான் அறையில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு வகுப்பிலிருந்தும் வருகிற குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“முத்துப்பிரியா” என்று பொற்கொடி கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். இல்லை. பேனாவைக் கீழே வைத்தேன்.

அடுத்த அறையில் மகாராஜன் சார் “அருண்பாண்டி” என்றார். “உள்ளேன் ஐயா” என்று அருண்பாண்டி சொன்னான். அதே நேரத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து “இருக்கேன்” என்று இன்னொரு குரலும் வந்தது.

தாழ்வாரத்தில் ஒரு பிள்ளைக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்த மாயக்காள், சீப்பைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். முத்துப்பிரியாவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“ஏத்தா, மாத்தாளு சோலி முடிஞ்சு போச்சு. அருண்பாண்டிக்கு அருண்பாண்டி வந்துட்டான்.”

“அப்ப முத்துப்பிரியாவுக்கு ஆரு அத்தை?”

“ஓம் பேருக்கு நீதான் இருக்கணும். அதுக்கெல்லாம் மாத்தாளு கெடையாது.”

பொற்கொடி திரும்பவும் பெயரைக் கூப்பிட்டாள்.

“இருக்கேன்” என்ற குரல் என் அறை வரைக்கும் கேட்டது. பேனாவை எடுத்து அறுபத்தொன்று என்று எழுதினேன்.